யோசினை கூடினால் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

“ஒரே யோசினை, அதுதான் வருத்தம்.” மனச்சோர்வுடன் வரும் பெண்கள் என்னிடம் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான். நித்திரையின்மை, உடல் உளைவு, பசியின்மை, பிள்ளைகளோடு எரிந்து விழுவது எல்லாமே யோசினையின் கணக்கில் சேர்ந்துவிடும். வீட்டுக்காரரும் “யோசிக்காமல் இரு” என்று சொல்லிவிட்டுத் தங்கள் அலுவலைப் பார்க்கப் போய்விடுவார்கள். காணாமற்போன மகனை நினைக்காதே என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? உளவளத்துணைப் பணியில் பல வருடங்களாக இருக்கும் நான் அதை எவரிடமும் சொல்வதில்லை.

நீண்ட துயரம் மனதோடு நின்றுவிடுவதில்லை. உடலின் இரசாயனத்தையும் அது மாற்றுகிறது. இதை விளங்கிக்கொள்ளத் திரிப்தோபன் என்ற ஒரு பொருளைப் பற்றி அறிவது உதவும்.

திரிப்தோபன் என்பது புரத உணவிலுள்ள அமினோ அமிலங்களுள் ஒன்று. 1901இல் ஹொப்கின்ஸ், கோல் என்ற பிரித்தானிய விஞ்ஞானிகள் பாற்புரதத்திலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார்கள். நமது உடலால் இதைத் தயாரிக்க முடியாது. 50 கிலோ நிறையுள்ள ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் தேவை. மீன், முட்டை, பருப்பு, கௌபி, கச்சான், எள்ளு ஆகியவற்றில் இது உண்டு.

நித்திரை, பசி, மனநிலை ஆகியவற்றோடு தொடர்புடைய செரட்டோனின் இதிலிருந்துதான் உண்டாகிறது. ஆனால் திரிப்தோபனை ஒரு குளத்து நீராக எண்ணிக்கொள்ளுங்கள். செரட்டோனினுக்குப் போவது சின்ன வாய்க்கால். உடலில் உடைக்கப்படும் திரிப்தோபனில் 90 வீதத்துக்கும் மேற்பட்டது கைனூரெனின் என்னும் பெரிய வாய்க்காலில் போகிறது. அந்தப் பெரிய வாய்க்காலின் துருசை மேலும் திறந்துவிடுபவை இரண்டு. ஒன்று, நெருக்கீட்டின்போது சுரக்கும் கோர்ட்டிசோல்; இது ஈரலில் வேலை செய்கிறது. மற்றது அழற்சி, அதாவது கிருமித் தொற்றையோ காயத்தையோ எதிர்த்து உடல் நடத்தும் போராட்டம்.

இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. முன்னர் ஈரலழற்சி சி நோய்க்கு இன்டர்பெரோன் என்ற ஊசி மருந்து மாதக்கணக்கில் கொடுக்கப்பட்டது. அது அழற்சியைத் தூண்டும் மருந்து. அதற்குமுன் மனச்சோர்வே இல்லாதிருந்தவர்களிலும் பலர் சில வாரங்களில் சோர்ந்து, அழுது, எதிலும் பிடிப்பற்றுப் போனார்கள். அவர்களது குருதியில் திரிப்தோபன் குறைந்தும் கைனூரெனின் கூடியும் இருந்தன. அவர்கள் அளவுக்கு மீறி யோசித்ததால் இது வந்ததென்று யாராவது சொல்ல முடியுமா?

கைனூரெனின் மூளைக்குள்ளும் செல்லும். அங்கே அதிலிருந்து உண்டாகும் பொருட்களில் ஒன்றான குயினோலினிக் அமிலம் அளவு மிஞ்சினால் நரம்புக் கலங்களை மிகையாகத் தூண்டிக் கேடு செய்யும். கைனூரெனிக் அமிலம் என்ற இன்னொன்று அத்தூண்டலைத் தணிக்கிறது. மலேரியா மூளையைத் தாக்கிய ஆபிரிக்கக் குழந்தைகளின் முண்ணாண் பாய்பொருளில் குயினோலினிக் அமிலம் மிகுந்திருக்கக் கண்டார்கள். (2016இல் நமது நாடு மலேரியா அற்றதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வன்னிக் காய்ச்சலை அறிந்தவர்களுக்கு அது சிறிய செய்தியல்ல.) எயிட்ஸ் நோயினால் வரும் மறதி நோயிலும் இந்த அமிலம் கூடுகிறது.

எல்லா மனச்சோர்வும் இந்த வழியாகத்தான் வருகிறதென்று எண்ண வேண்டாம். செரட்டோனின் குறைவதுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்ற பழைய எளிய விளக்கத்துக்கு உறுதியான சான்று இல்லையென 2022இல் வெளிவந்த ஒரு பெரிய மீளாய்வு கூறியது. இழப்பு, வறுமை, தனிமை, வீட்டு வன்முறை எல்லாம் இதில் சேரும்.

ஒரு அக்கா வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பியதென்று ஒரு போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். திரிப்தோபன் குளிசைகள். “இது இயற்கையானதாம் தங்கச்சி. கிளினிக் குளிசையை விட்டிட்டு இதைப் போடட்டோ?” என்று கேட்டார். பைத்தியக் குளிசை என்று அயலவர்கள் சொல்வது அவருக்குப் பெரிய வேதனை. இரண்டையும் சேர்த்தும் போட வேண்டாம், கிளினிக் குளிசையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம், போத்தலை வைத்தியரிடம் காட்டுங்கள் என்றேன். சில மனச்சோர்வு மருந்துகளோடு இது சேர்ந்தால் செரட்டோனின் ஆபத்தான அளவுக்குக் கூடக்கூடும். மருந்தைத் திடீரென விட்டால் தலைச்சுற்று, பதற்றம் வரலாம், நோயும் திரும்பலாம். 1989இல் அமெரிக்காவில் மாசு கலந்த திரிப்தோபன் குளிசைகளால் 1500 பேருக்கு மேல் கடுந் தசைவலியுடன் நோயுற்றார்கள், இறந்தவர்களும் உண்டு.

வாழைப்பழம் சாப்பிட்டால் மனம் தெளியும் என்பதும் அப்படித்தான். பழத்திலுள்ள செரட்டோனின் மூளைக்குள் போகாது. திரிப்தோபன் போகும், ஆனால் வேறு அமினோ அமிலங்களும் அதே பஸ்ஸில் ஏற முண்டியடிக்கின்றன. பழம் நல்லது, சாப்பிடுங்கள். மருந்தாக நம்ப வேண்டாம். பிள்ளைகளுக்கு மீனைப் போட்டுவிட்டு வெறும் சோறும் சொதியுமாகச் சாப்பிட்டெழும்பும் அம்மாமாருக்குத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன்: உங்கள் கோப்பையிலும் ஒரு துண்டு மீனோ ஒரு அகப்பை பருப்போ இருக்கட்டும்.

உடலசைவு பற்றியும் ஒரு செய்தி. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தினர் 2014இல் எலிகளில் செய்த ஆய்வில், பயிற்சி பெற்ற தசைகள் கைனூரெனினை மூளைக்குள் எளிதில் புக முடியாத கைனூரெனிக் அமிலமாக மாற்றுவதைக் கண்டார்கள். நாள் முழுக்கத் தோட்டத்தில் குனிந்து நிமிர்பவருக்கு உடற்பயிற்சி செய் என்று சொல்ல நான் வரவில்லை. வீட்டு மூலையிலேயே இருப்பவர்கள் பின்னேரம் ஒரு சிநேகிதியோடு கோயிலடி வரை நடந்துவிட்டு வரலாம்.

இரண்டு வாரங்களுக்கு மேலாக நித்திரையில்லாமல், எதிலும் விருப்பமில்லாமல் இருந்தால் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் உளநலக் கிளினிக்குக்குப் போங்கள். கட்டணம் இல்லை. காய்ச்சல், மூட்டுவலி, ஆறாத புண், உடம்பில் கிடக்கும் ஷெல் துண்டு எதுவானாலும் அங்கே சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் பக்கத்திலுள்ள ஒருவரிடம் உடனே சொல்லுங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.