பெயர்கள் காட்டும் வரலாறு: சிங்கப்பூரும் ஜெகதளாவும்

வெளிநாடு செல்வோர் வழிபாட்டிடங்களைக் கண்டு, கடைத்தெருவில் பொருள் வாங்கித் திரும்புதல் இயல்பு. ஆயின், தாம் கண்ட இடங்களின் பெயர்க்காரணத்தைக் கேட்டறிந்து வருவோர் மிகச் சிலரே. ஊர்ப்பெயர் வரலாற்றின் வாயில் என்பதை ரா.பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' தமிழுலகிற்கு உணர்த்தியது. அந்நெறி நின்று, நகரமே நாடாகவும் தலைநகராகவும் விளங்கும் சிங்கப்பூரை ஈண்டு நோக்குவோம்.

சவுத் பிரிட்ஜ் சாலை

1819-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி சிங்கப்பூரில் வணிகத்தளம் அமைத்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வணிகரும் தொழிலாளரும் அங்குக் குடியேறினர். அவர்களுள் தமிழ் முஸ்லிம்கள் 'சூலியா' என வழங்கப்பெற்றனர். இச்சூலியாக்கள் 1826-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ பள்ளிவாசலை நிறுவினர். மறு ஆண்டே அதே சாலையில், அதற்கு அண்மையில், நாராயண பிள்ளை என்னும் தமிழர் மரமும் ஓலையும் கொண்டு மாரியம்மன் கோயிலை எழுப்பினார்.

பள்ளிவாசலை ஒட்டிய தெரு 'மாஸ்க் தெரு' ஆயிற்று. கோயிலின் ஒரு புறம் 'டெம்பிள் தெரு'. மறு புறம், கோபுரத்தால் பெயர்பெற்ற 'பகோடா தெரு'. இன்று இப்பகுதி சைனாடவுன் எனப்படுகிறது. சீனர் பகுதியின் தெருப்பெயர்களில் தமிழர் எழுப்பிய இறையில்லங்களின் நினைவு நிலைத்திருத்தல் எண்ணத்தக்கது.

தெலுக் ஆயர்

மலாய் மொழியில் 'தெலுக்' என்பது விரிகுடா. 'ஆயர்' என்பது நீர். கடல் தூர்க்கப்படுமுன் இத்தெரு கரையோரமாகவே இருந்தது. கடந்து வந்த கடலுக்காக இறைவனுக்கு நன்றி செலுத்த இங்கேயே வழிபாட்டிடங்கள் எழுந்தன. சூலியாக்கள் 1828-30 ஆண்டுகளில் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகத் தர்காவைக் கட்டினர். சீனர்கள் 1842-இல் தியான் ஹாக் கெங் கோயிலை நிறைவு செய்தனர். அருகிலுள்ள அல் அப்ரார் பள்ளிவாசலுக்குக் 'குச்சுப் பள்ளி' என்றொரு பெயருண்டு. குச்சு என்பது சிறு குடிசை. அப்பள்ளி எளிய குடிசையாய்த் தொடங்கியதை இத்தமிழ்ப்பெயர் இன்றும் உரைக்கின்றது.

தேக்காச் சந்தை

சிராங்கூன் சாலையில் தமிழர் நாள்தோறும் காய்கனி வாங்கும் சந்தை 'தேக்கா'. இச்சொல் தமிழன்று, மூங்கிற் புதரைக் குறிக்கும் சீன வழக்கிலிருந்து வந்தது. மலாய்க்காரர் அவ்விடத்தை 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைப்பட்டி, என்றனர். மூங்கில் வளர்ந்ததையும் கால்நடை வணிகம் நடந்ததையும் இவ்விரு பெயர்களே காத்துத் தந்துள்ளன.

நம் மலையில்

இத்தகைய ஆய்வுக்குக் கடல் கடக்க வேண்டுவதில்லை. குன்னூரையடுத்த படகர் சிற்றூர் ஜெகதளா. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர் அதன் அருகே படைவீடு அமைத்தபோது, அதனை முதலில் 'ஜக்கதல்லா' என இவ்வூர்ப்பெயராலேயே வழங்கினர். பின்னரே அது 'வெல்லிங்டன்' ஆயிற்று. வெல்லிங்டனை உலகறியும்; அதற்கு முதற்பெயர் ஈந்த ஊரை நம் மாணவரே அறிவாரோ?

பெயர் மாறின் ஒரு தலைமுறைக்குள் நினைவும் மாறிவிடும். ஆதலின், மாணவர்கள் தத்தம் ஊரின் தெரு, ஓடை, மேடு, சந்தை ஆகியவற்றின் பழம்பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். சொல்ல வல்லோர் நம்மிடையே உள்ள போதே இப்பணி நிறைவேறுதல் நன்று.