யாரும் இல்லாத மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம்

மதியம் பன்னிரண்டரை மணிக்கு உணவங்காடி நிலையத்தில் மேசை தேடி அலைந்தவர்களுக்கு இது தெரியும். மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அது ‘சோப்’ செய்யப்பட்டுவிட்டது என்று பொருள். ஆள் கண்ணில் படாவிட்டாலும் நாம் அங்கே உட்காருவதில்லை. மேசை துடைக்க வரும் ஊழியரும் பொட்டலத்தை எடுத்துப் போடுவதில்லை. வைத்தவரோ அதை மறந்துவிட்டு எப்போதோ அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் இப்படி மறந்துபோனால், சாயங்காலத்துக்குள் சாப்பிடுபவர் ஒருவரும் இல்லாமலேயே நிலையம் நிரம்பிவிடும்.

இணையச் செயலிகளை இயக்கும் சர்வர்களில் ‘நினைவகக் கசிவு’ என்று சொல்லப்படுவது ஏறக்குறைய இதுதான். கசிவு என்ற சொல் சற்று ஏமாற்றும். நினைவகத்திலிருந்து எதுவும் ஒழுகிப் போவதில்லை. வேலை முடிந்த பிறகும் விடாமல் பிடித்து வைத்திருப்பதால்தான் இடம் தீர்ந்துபோகிறது.

ஜாவா போன்ற கணினி மொழிகளில் மேசை துடைப்பவர் ஒருவர் உண்டு. ‘கார்பேஜ் கலெக்டர்’ என்று பெயர். ஜான் மெக்கார்த்தி 1950களின் இறுதியில் லிஸ்ப் மொழிக்காக உருவாக்கிய யோசனை அது. இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின் எந்தப் பகுதியும் பிடித்துக்கொண்டிராத பொருளை அது அகற்றிவிடும். எங்கிருந்தாவது ஒரே ஒரு பிடி இருந்தாலும் தொடாது. அந்தப் பிடிதான் டிஷ்யூ பொட்டலம். ‘ஜாவாவில் கசிவே வராது’ என்று நம்பி வேலைக்கு வரும் இளையர்கள், முதல் ஆண்டிலேயே இந்தப் பொட்டலத்தைச் சந்தித்துவிடுகிறார்கள்.

அறிகுறிகள் எல்லா அலுவலகங்களிலும் ஒன்றுபோலத்தான். திங்கட்கிழமை செயலி பறக்கும். புதன்கிழமை சற்றுத் திணறும். வெள்ளி இரவு, நினைவகம் போதவில்லை என்ற பிழைச் செய்தியோடு படுத்துவிடும். வீட்டில் மென்பொருள் துறைப் பிள்ளை இருந்தால், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மடிக்கணினியைத் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து நிமிடத்தில் சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு வந்து உட்காருவார். எல்லாம் சரியாகிவிடும், அடுத்த வெள்ளிக்கிழமை வரை.

ரீஸ்டார்ட்டை இளக்காரமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரிய நிறுவனங்களே அதை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. மைக்ரோசாஃப்ட்டின் ஐஐஎஸ் சர்வர், நாம் எதையும் மாற்றாவிட்டால், செயலியை 1,740 நிமிடத்துக்கு ஒருமுறை, அதாவது 29 மணி நேரத்துக்கு ஒருமுறை, தானாகவே புதிதாகத் தொடங்கும். 24 இல்லாமல் 29 என்பதால் தினமும் ஒரே நேரத்தில் அது நிகழாது. மென்பொருள்காரர்களிடையே நெடுநாளாக உலவும் ஒரு கதையும் உண்டு. ஏவுகணை ஒன்றின் மென்பொருளில் கசிவு இருப்பதைக் கண்டவர்கள், அது பறக்கும் நேரத்தில் எவ்வளவு கசியும் என்று கணக்குப் போட்டு, அதைப்போல் இரு மடங்கு நினைவகத்தை வைத்துவிட்டார்களாம். இலக்கில் விழுந்ததும் கசிவும் சேர்ந்தே ஒழியும்! ஏவுகணைக்கு அந்தக் கணக்கு சரி. மக்கள் பயணச்சீட்டு வாங்கும், கட்டணம் செலுத்தும் சர்வருக்கு ஆயுள் இவ்வளவுதான் என்று யார் சொல்வது? ரீஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில் பாதி வழியில் இருப்பவரின் பதிவு அறுந்துபோகவும் கூடும்.

ஒரு சிறு கசிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2012 அக்டோபர் 22ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் உள்ள அமேசான் தரவு மையங்களில், வாடிக்கையாளர்களின் தரவுகளை வைத்திருக்கும் சேமிப்பு சர்வர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய துணை நிரல் ஓடிக்கொண்டிருந்தது. சர்வரின் நலம் பற்றிய தகவல்களைத் திரட்டி வேறோர் இயந்திரத்துக்கு அனுப்புவது அதன் வேலை. அவசரத் தகவல்கள் அல்ல. தாமதமானாலும் விடுபட்டுப்போனாலும் பாதகமில்லை என்ற எண்ணத்தோடுதான் அந்த அமைப்பே வடிவமைக்கப்பட்டிருந்தது. முந்தைய வாரம் அந்தத் திரட்டு இயந்திரம் பழுதாகி, வேறொன்று மாற்றப்பட்டது. புதிய முகவரி சில சர்வர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அவற்றில் இருந்த துணை நிரல்கள், இல்லாத இயந்திரத்தைத் திரும்பத் திரும்ப அழைத்தன. ஒவ்வொரு தோல்வியும் கொஞ்சம் நினைவகத்தைத் தின்றது. திங்கட்கிழமை காலைக்குள் வாடிக்கையாளர் வேலையைக் கவனிக்க சர்வர்களிடம் இடம் இல்லை. ரெடிட், ஃபோர்ஸ்கொயர் போன்ற பிரபல தளங்கள் முடங்கின.

அலாரம் ஏன் அடிக்கவில்லை? அந்த சர்வர்கள் இயல்பாகவே நினைவகம் முழுவதையும் கூட்டியும் குறைத்தும் பயன்படுத்துபவை. அதனால் மொத்த அளவை மட்டும் பார்த்து எது ஆரோக்கியம், எது நோய் என்று சொல்லமுடியவில்லை.

கசிவைத் தேடும் எவரும் முதலில் தாண்டவேண்டிய இடமும் இதுதான். நினைவகப் பயன்பாடு 90 விழுக்காடு என்று திரையில் தெரிந்தால் பதறிவிடுகிறோம். அந்த எண் மட்டும் எதையும் சொல்வதில்லை. ஜாவா சர்வரின் நினைவக வரைபடம் ரம்பப் பல்போல் இருக்கும். மெல்ல ஏறும், துப்புரவு நடந்ததும் சட்டென்று இறங்கும், மறுபடி ஏறும். பார்க்கவேண்டியது உச்சியை அல்ல, முழுத் துப்புரவுக்குப் பிறகு அது வந்து நிற்கும் அடித்தளத்தை. அடித்தளம் நாள் முழுவதும் ஒரே மட்டத்தில் இருந்தால் கசிவு இல்லை. வேலைக்கே அவ்வளவு இடம் தேவை. காலையில் 800 மெகாபைட், மதியம் 1,100, மாலை 1,500 என்று அடித்தளமே ஏறினால் யாரோ மேசைகளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்த நிலையில் நினைவகத்தை இரு மடங்காக்கினால் வெள்ளிக்கிழமை வரவேண்டிய விபத்து அடுத்த வாரம் வரும், அவ்வளவுதான். துப்புரவுக்காகச் செயலி நின்று நின்று போகும் நேரமும் நீளலாம்.

பிடித்திருப்பது யார் என்று காட்டுவது ‘ஹீப் டம்ப்’. அந்த நொடியில் நினைவகத்தில் உள்ள அனைத்தையும் அப்படியே ஒரு கோப்பில் இறக்கிவைப்பது. ஒன்று போதாது, சில மணி நேர இடைவெளியில் இரண்டு எடுத்து, எந்த வகைப் பொருள்கள் பெருகியிருக்கின்றன என்று ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் முதலிடத்தில் எழுத்துச் சரங்கள் நிற்கும். அதைப் பார்த்து மயங்கவேண்டாம், எல்லாச் செயலியிலும் அவைதான் அதிகம். அவற்றைப் பிடித்திருப்பது யார், அவரைப் பிடித்திருப்பது யார் என்று சங்கிலியைப் பின்னோக்கித் தொடர்ந்தால் மூலம் அகப்படும். எக்லிப்ஸ் மெமரி அனலைசர் என்ற இலவசக் கருவி இதற்கென்றே இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். டம்ப் எழுதப்படும்போது செயலி நின்றுவிடும். ஆகவே அந்த சர்வருக்கு வாடிக்கையாளர்கள் வராதபடி முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். அந்தக் கோப்பில் கடவுச்சொற்களும் அடையாள அட்டை எண்களும் அப்படியே இருக்கக்கூடும். அதை மின்னஞ்சலில் நண்பருக்கு அனுப்பி “கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்” என்பது, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உள்ள சிங்கப்பூரில் சிறு விஷயமல்ல.

மூலத்தைக் கண்டபிறகு பார்த்தால், பல நேரங்களில் அது ஒரு தவறான வரி அல்ல, யாரும் கேட்காத ஒரு கேள்வி. வேகத்துக்காக, ஒருமுறை தேடிய விடையைச் சேர்த்து வைக்கிறோம். நல்ல யோசனை. எத்தனை விடைகள் வரை? எப்போது பழையது போகும்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத சேமிப்பு, வீவக வீட்டின் சாமான் அறையைப்போல. உள்ளே போனது வெளியே வராது.

டாம்கேட் சர்வரில் பயனீட்டாளரின் ‘செஷன்’, அவர் கடைசியாக வந்ததிலிருந்து 30 நிமிடம் காக்கப்படும். அதுதான் வழக்கமான அமைப்பு. ஒருவரின் தேடல் முடிவுகள் அனைத்தையும் செஷனிலேயே போட்டு, அது 2 மெகாபைட் ஆகிவிட்டதாகக் கொள்வோம். அரை மணி நேரத்தில் 5,000 பேர் வந்தால் 10 கிகாபைட். இதில் கசிவே இல்லை, எல்லாம் நேரத்துக்கு அகற்றப்படும், ஆனாலும் சர்வர் விழும். தேடுபொறிகளின் தானியங்கிகள் வேறு, குக்கியை வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஆளாக வந்து புதுச் செஷன் திறக்கும். டாம்கேட்டில் அவற்றை ஒரே செஷனில் அடக்குவதற்கென்றே தனி ஏற்பாடு உண்டு.

எனக்கு மிகவும் அச்சமூட்டும் வகை வேறு. வேலையாளுக்குச் சமமான ‘திரெட்’களை சர்வர் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்குவதில்லை, ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. ‘திரெட்லோக்கல்’ என்ற வசதியில் இப்போதைய பயனீட்டாளரின் விவரத்தை எழுதிவிட்டு, வேலை முடிந்ததும் அழிக்காமல் விட்டால், உணவகப் பணியாளர் முந்தைய மேசையின் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போவதுபோல் ஆகிவிடும். இடம் வீணாவது சின்ன விஷயம். ஒருவரின் கணக்கு விவரம் இன்னொருவர் திரையில் தெரிந்துவிட்டால்? செயலியின் புதிய பதிப்பை ஏற்றும்போதும் இதே பிடி, பழைய பதிப்பின் வகுப்புகள் அனைத்தையும் போகவிடாமல் இழுத்துவைக்கும். 2010இல் வந்த டாம்கேட் 6.0.24 முதல் இத்தகைய பிடிகளை சர்வரே கண்டறிந்து பதிவேட்டில் எச்சரிக்கை எழுதுகிறது. அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் கடந்துபோவதுதான் நம் வழக்கம்.

அமேசான் தன் சம்பவத்துக்குப் பிறகு அறிவித்த நடவடிக்கைகளில், கசிந்த நிரலைத் திருத்துவது ஒன்று மட்டும்தான். சர்வரின் மொத்த நினைவகத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், ஒவ்வொரு புரோசஸும் எவ்வளவு எடுக்கிறது என்று தனித்தனியாகக் கண்காணித்து அலாரம் வைப்பது இன்னொன்று. முக்கியமில்லாத துணை நிரல்கள் அளவுக்கு மீறி எடுக்காதபடி ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு போடுவது மற்றொன்று. வரம்பு இருந்திருந்தால் அன்று விழுந்திருக்கவேண்டியது, விடுபட்டாலும் பாதகமில்லை என்று கருதப்பட்ட அந்தத் துணை நிரல் மட்டுமே.