திண்ணை எங்கே போச்சு? கோலியனூர் கூட்ரோடு முதல் புதுச்சேரி வைசியாள் வீதி வரை

விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ் ஏறியவர்களுக்கு கோலியனூர் கூட்ரோடு தெரியாமல் இருக்காது. நேராகப் போனால் புதுச்சேரி, வலது பக்கம் திரும்பினால் பண்ருட்டி. கூட்ரோட்டைப் பொறுத்தவரை கடைத்தெருவும் நெடுஞ்சாலையும் ஒன்றுதான். சாலை மாறினால் கடைத்தெருவும் மாறும்.

விழுப்புரம் - நாகப்பட்டினம், விக்கிரவாண்டி - தஞ்சாவூர் என இரண்டு நான்கு வழிச்சாலைத் திட்டங்கள் இந்தப் பகுதி வழியாகச் செல்கின்றன. பயண நேரம் குறையும், சந்தேகமில்லை. ஆனால், ஊருக்குள் சாலை விரியும்போது முதலில் இடிபடுவது வீட்டின் கூடமோ அறையோ அல்ல. வாசலுக்கு முன்னால் இருக்கும் சில அடி இடம்தான். அப்படி என்ன இருக்கிறது அதில்?

பழைய வீட்டு முகப்பில் என்ன இருந்தது?

இரண்டு விஷயங்கள். ஒன்று, தாழ்வாரம்: மரத்தூண்கள் தாங்க, தெருவை நோக்கிச் சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரை. வெயிலோ மழையோ, வழிப்போக்கர் யாரும் அதன் கீழே ஒதுங்கலாம். இன்னொன்று, திண்ணை: வாசலின் இரு பக்கமும் சுவரோடு சேர்த்துக் கட்டிய மேடை. பக்கத்து வீட்டுக்காரரும் உட்காரலாம், ஊர் பேர் தெரியாதவரும் உட்காரலாம். கதவைத் தாண்டி உள்ளே போனால்தான் முற்றமும் கூடமும். அதாவது, இடம் வீட்டுக்காரருடையது, நிழல் எல்லோருக்கும்.

அப்புறம் ஏன் காணாமல் போனது?

சாலை விரிவாக்கம் ஒரு காரணம் மட்டுமே. திண்ணையை இடித்துவிட்டு ஷட்டர் போட்டால் கடை வாடகை வரும். கான்கிரீட் வந்த பிறகு மரத்தூணும் ஓடும் பராமரிக்கச் செலவு பிடிக்கும் பொருட்களாகிவிட்டன. பைக்கும் காரும் நிறுத்த இடம் வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கல் ஆவணத்தில் இருக்கிறது. திண்ணை பட்டா நிலத்துக்குள் இருந்தால், நிலம் எடுக்கும்போது இழப்பீடு கிடைக்கும். தாழ்வாரம் ஓரடி புறம்போக்கில் நீண்டிருந்தாலும் அது ஆக்கிரமிப்பு. நேற்று வரை ஊருக்கே நிழல் கொடுத்த இடத்துக்கு, அளவை நாளில் கிடைக்கும் பெயர் இதுதான்!

வைசியாள் வீதியில் என்ன செய்தார்கள்?

அதே பஸ்ஸில் வளவனூர், கண்டமங்கலம், வில்லியனூர் தாண்டினால் புதுச்சேரி. அங்கே வைசியாள் வீதி எனப்படும் கலவை சுப்பராய செட்டியார் வீதியில் தாழ்வாரமும் திண்ணையும் வரிசையாக இன்றும் நிற்கின்றன.

புதுச்சேரியின் நேர்கோட்டுத் தெருக்களுக்கு அடிப்படை, 1693 முதல் 1699 வரை நகரை வைத்திருந்த டச்சுக்காரர்களின் திட்டம். 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கினர். அதன் பிறகு எழுந்த தமிழ் வீடுகள் பலவற்றில் கீழ்த்தளம் திண்ணையும் தாழ்வாரமுமாக நம்ம ஊர் பாணி. மேல்தளம் தூண் வேலைப்பாடும் கைப்பிடிச் சுவருமாக பிரெஞ்சு பாணி. சுவருக்குச் செங்கலும் சுண்ணாம்பும். மொட்டை மாடிக்கு, மர உத்தரங்களின் மேல் செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டும் 'மெட்ராஸ் டெரஸ்'.

இந்த வீதியிலும் வீடுகள் மாறிக்கொண்டுதான் இருந்தன. 2002-04இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஆசியா அர்ப்ஸ்' திட்ட உதவியுடன், இன்டாக் அமைப்பு சுமார் 20 வீடுகளின் முகப்பைச் சீரமைத்தது. ஒரு மாளிகையைத் தனியாகக் காப்பாற்றாமல், தெருவையே ஒரு கட்டிடம் போலப் பார்த்ததுதான் இதில் முக்கியம். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய - பசிபிக் பாரம்பரிய விருது இந்த வீதிக்குக் கிடைத்தது.

இது நம்ம ஊருக்குச் சரிவருமா?

அப்படியே சரிவராது. வைசியாள் வீதி வழியாக நெடுஞ்சாலை போகவில்லை, அங்கே சுற்றுலா வருமானமும் உண்டு. ஆனாலும், சாலையோர ஊர்களில் பூர்வீக வீடு வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியவை சில:

- பட்டா, புல வரைபடத்தை அரசின் இணைய சேவையில் எடுத்து, திண்ணை எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். அளவை நாளில் பார்ப்பது தாமதம்.
- இடிப்பது உறுதி என்றால், முகப்பைப் படம் எடுத்து, தூண், கதவு, திண்ணை அளவுகளைக் குறித்து வையுங்கள்.
- மரத்தூணையும் நிலைக்கதவையும் எடைக்குப் போடாதீர்கள். புது வீட்டிலும் அவை நிற்கும்.
- புதிதாகக் கட்டும்போது, உங்கள் எல்லைக்குள்ளேயே மூன்றடி நிழலும் உட்கார ஒரு மேடையும் விடுங்கள். கான்கிரீட்டிலும் திண்ணை கட்டலாம்.

கூட்ரோட்டில் மத்தியான வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நாம் தேடுவது ஒரு மீட்டர் நிழல். முன்பெல்லாம் அதை யாரோ ஒரு வீட்டுக்காரர் தன் செலவில் கட்டி வைத்திருந்தார்.