மலைக்கிராம பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்பது ஏன்? பெற்றோர் கோட்டை விடக்கூடாத 3 இடங்கள்

சேலம்,

ஏற்காடு அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் காப்பித் தோட்டங்கள். மலையில் உள்ள 67 கிராமங்களிலும் மலையாளி பழங்குடியின மக்களே அதிகம். தோட்டக் கூலிதான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

"படிச்சு என்ன கலெக்டரா ஆகப்போறே? தோட்டத்துக்கு வந்தா கூலியாவது கிடைக்கும்" என்ற பேச்சில்தான் பல பிள்ளைகளின் படிப்பு முடிகிறது. ஆனால் இதே சேலம் மாவட்டத்தில், கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மலையாளி இன மாணவி ஒருவர் 2025-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் பிடித்தார். காசு கொடுத்துப் படிக்கும் பள்ளி அல்ல அது. சாப்பாடு, தங்கும் இடம், படிப்பு எல்லாமே இலவசம்.

உதவி இருந்தும் படிப்பு அறுந்து போவது பெரும்பாலும் 3 இடங்களில்தான்.

5-ம் வகுப்பு

பல மலை ஊர்களில் தொடக்கப்பள்ளியோடு பள்ளிக்கூடம் முடிந்து விடுகிறது. அடுத்த பள்ளிக்கு நடக்க வேண்டும், இல்லை பஸ்சுக்குக் காத்திருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் உண்டு உறைவிடப் பள்ளியிலோ, அரசு விடுதியிலோ சேர்த்து விட்டால் பிள்ளை தப்பித்து விடும். 6-ம் வகுப்பை அரசுப் பள்ளியில் தொடங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் ரூ.1000 தரும் புதுமைப்பெண் திட்டமும் (2022), மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டமும் (2024) 6 முதல் 12 வரை அரசுப்பள்ளியில் படித்தவர்களுக்கு என்றே தொடங்கப்பட்டன.

8-ம் வகுப்பு

கை கொஞ்சம் வேலைக்கு ஆகும் வயசு. மத்திய அரசின் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு வருவதும் இந்த வகுப்பில்தான். தேறினால் 9 முதல் 12 வரை மாதம் ரூ.1000, 4 வருடத்துக்கு ரூ.48 ஆயிரம். பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.3½ லட்சத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அரசு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிப்பவர்களுக்கு இது கிடையாது. வீட்டில் இருந்து போய் வரும் பிள்ளைகளின் பெற்றோர் ஹெட்மாஸ்டரிடம் முன்கூட்டியே கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

சாதிச்சான்றிதழ்

மூன்றாவது, ஒரு காகிதம். பழங்குடியினர் சான்றிதழை தாசில்தார் தர முடியாது, ஆர்.டி.ஓ.தான் தர வேண்டும். விசாரணை நடத்தித்தான் கொடுப்பார்கள். பிளஸ்-2 ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் கல்லூரி அட்மிஷன் முடிந்து விடும். ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் 7.5 சதவீதம், தமிழகத்தில் 1 சதவீத இடஒதுக்கீடு எல்லாம் இந்தச் சான்றிதழை நம்பித்தான் இருக்கிறது. 6-ம் வகுப்பிலேயே மனு கொடுத்து விடுவது நல்லது. தகப்பனார் அல்லது கூடப்பிறந்தவர்களின் சான்றிதழ் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

ஊர் செய்ய வேண்டியது

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் பிள்ளைகள் பாடத்தை மறந்தனர். அதைச் சரிக்கட்ட 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி திட்டம் தொடங்கியது. அந்தந்த ஊரில் படித்தவர்களே, பெரும்பாலும் பெண்கள், சாயங்காலம் சுமார் 20 பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தனர். படித்த ஒருவர் இருந்தால் போதும், ஊரே இதைச் செய்யலாம்.

கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப்பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். யார் வீட்டுப் பிள்ளை 2 வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை என்பது அதிகாரிகளுக்கு முன்னே ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். குழுக் கூட்டத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். அப்படி யாராவது வேலை பார்ப்பது தெரிந்தால் 1098 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்யலாம்.