ஓட்டுக் கணிப்பும் ஓட்டரின் தீர்ப்பும்

தேர்தல் காலம் வந்துவிட்டால் நமது நாட்டில் புதிய வகை ஜோஸ்யர்கள் தோன்றிவிடுகிறார்கள். பழைய ஜோஸ்யர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார்; இவர்கள் புள்ளி விவரங்களைப் புரட்டுகிறார்கள். முன்னவரை நம்பக் கூசும் படிப்பாளிகள், பின்னவர்களின் சொல்லை வேதவாக்காகக் கொள்ளுகிறார்கள். ஜன அபிப்பிராயத்தைக் கணித்தறிவது சாஸ்திர ரீதியான முயற்சி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எந்தச் சாஸ்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைக் கடந்து அதை இழுத்துச் செல்வதால் சாஸ்திரத்துக்கும் மதிப்பில்லை, ஜனங்களுக்கும் நன்மையில்லை. இதற்கு அத்தாட்சி தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருத்தங்கல் அடங்கிய விருதுநகர்ப் பார்லிமெண்டுத் தொகுதியே போதும்.

2024-ம் வருஷம் ஏப்ரல் 19-ந் தேதி இத்தொகுதியில் ஓட்டுப் பதிவு நடந்தது. காங்கிரஸ் அபேட்சகராக ஸ்ரீ மாணிக்கம் தாகூரும், தே.மு.தி.க. அபேட்சகராக ஸ்ரீ விஜய பிரபாகரனும், பாரதீய ஜனதா கட்சியின் அபேட்சகராக ஸ்ரீமதி ராதிகா சரத்குமாரும் நின்றார்கள். 46 நாட்கள் கழித்து, ஜூன் 4-ந் தேதி ஓட்டுகள் எண்ணப்பட்டன. முன்னணி மாறி மாறி வந்து, கடைசியில் ஸ்ரீ மாணிக்கம் தாகூர் 3,85,256 ஓட்டுகளும், ஸ்ரீ விஜய பிரபாகரன் 3,80,877 ஓட்டுகளும் பெற்றதாக முடிவு வெளியாயிற்று. வித்தியாசம் 4,379 ஓட்டுகளே. பதிவான பத்தரை லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டுகளில் இது நூற்றுக்கு அரை கூட இல்லை.

இந்த முடிவை எந்தக் கணிப்பாவது முன்கூட்டி அறிந்திருக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேரைப் பாரபட்சமின்றித் தேர்ந்தெடுத்து விசாரித்தால், ஓர் அபேட்சகருக்குக் கிடைக்கும் ஆதரவை ஏறக்குறைய 3 சதவிகிதம் கூடவோ குறையவோ அறியலாம். அதுவும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவைதான். இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை அறிய வேண்டுமானால் பிழை 5 சதவிகிதத்துக்குப் போய்விடும். மெய்யான வித்தியாசமோ 0.4 சதவிகிதம். அளக்க வேண்டிய பொருளைப் போல் பன்னிரண்டு மடங்கு பிழையுள்ள படியை வைத்துக்கொண்டு எதை அளப்பது? இங்கே வெற்றி யாருக்கு என்று நிச்சயமாகச் சொல்ல, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் விசாரித்தாக வேண்டும். எந்த ஸ்தாபனமும் ஒரு தொகுதியில் அவ்வளவு பேரை விசாரிப்பதில்லை. விசாரிக்கப் பணமும் இல்லை, அவகாசமும் இல்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கணிப்புச் சாஸ்திரத்தின் அஸ்திவாரம் இப்பழமொழியில் அடங்கியிருக்கிறது. பானை பெரிதானாலும் சிறிதானாலும் ஒரு சோறு போதும் என்பது உண்மை. ஆனால் பானை முழுவதும் ஒரே தீயில் வெந்திருக்க வேண்டும். விருதுநகர்த் தொகுதி ஒரே பானை அன்று. திருப்பரங்குன்றம், திருமங்கலம், சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை என்ற ஆறு சட்டசபைத் தொகுதிகள் அதில் அடங்கியிருக்கின்றன. மதுரை நகரத்தை ஒட்டி வாழ்வோரின் கவலை ஒன்று. மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் விவசாயியின் கவலை வேறு. திருத்தங்கலிலும் சிவகாசியிலும் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களை நம்பி வாழ்வோரின் கவலை இன்னும் வேறு. திருத்தங்கலில் எடுத்த சோறு திருமங்கலத்துக்குப் பதம் சொல்லாது.

அன்றியும், எந்தச் சோறு கரண்டியில் அகப்படுகிறது என்பதும் முக்கியமான விஷயம். பட்டாசு ஆலைகள் ஊருக்கு வெளியே, ஒதுக்குப்புறமான நிலங்களில் இருக்கின்றன. காலையில் ஆலை வண்டியில் ஏறிப் போன தொழிலாளி, பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புகிறான். பகல் வேளையில் தெருவுக்கு வந்து கதவைத் தட்டும் கணிப்பாளருக்கு அவன் அகப்படமாட்டான். டெலிபோனில் கூப்பிட்டாலும் வேலை நேரத்தில் அவன் எடுக்கப் போவதில்லை. அகப்பட்டாலுந்தான் என்ன? முன்பின் தெரியாத ஒருவர் குறிப்புப் புஸ்தகத்துடன் வந்து, 'உன் ஓட்டு யாருக்கு?' என்று கேட்டால், முதலாளி, மேஸ்திரி, ஜாதிப் பெரியவர், உள்ளூர்க் கட்சிக்காரர் ஆகிய அனைவருக்கும் ஒத்த பதிலையே அவன் சொல்லுவான். ரகசிய ஓட்டு என்ற உரிமை ஏழைக்கு ஏற்பட்டிருப்பது இதற்காகத்தான். அந்த ரகசியத்தை அவன் காப்பாற்றினால் அதைக் குற்றமென்று யார் சொல்ல முடியும்?

ஓட்டு விகிதத்தைச் சரியாகவே அறிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் வெல்லும் ஸ்தானங்களின் கணக்குக் கைக்கு வந்துவிடாது. 2016-ம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டசபைத் தேர்தலில் பெரும்பாலான கணிப்புகள் தி.மு.க. அணிக்கே வெற்றி என்றன. அன்று வெளிவந்த 232 முடிவுகளில் அ.தி.மு.க. 134 ஸ்தானங்களும், தி.மு.க. அணி 98 ஸ்தானங்களும் பெற்றன. ஓட்டு விகிதத்திலோ இரு தரப்புக்கும் இடையே ஏறக்குறைய ஒரு சதவிகிதந்தான் வித்தியாசம். ஒரு சதவிகிதம் ஆட்சியையே நிர்ணயித்தது. ராதாபுரத்தில் வெறும் 49 ஓட்டுகள் வெற்றி தோல்வியை நிர்ணயித்தன. பலமுனைப் போட்டியில், கூடுதல் ஓட்டுப் பெற்றவரே வென்றவர் என்ற நமது முறையில், கணிப்பில் நேரும் சிறு பிழை ஸ்தானக் கணக்கில் பெரும் பிழையாகப் பெருகிவிடுகிறது.

மேல்நாட்டாரும் இப்பாடத்தைப் பல தடவை படித்திருக்கிறார்கள். 1936-ல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குத் தபாலில் சீட்டுகள் அனுப்பிற்று. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பதில்கள் வந்தன. லாண்டன் வெல்வார் என்று அது முடிவு கட்டிற்று. ரூஸ்வெல்ட் 48 ராஜ்யங்களில் 46-ஐக் கைப்பற்றினார். டெலிபோனும் மோட்டாரும் வைத்திருந்தவர்களின் ஜாபிதாக்களையே அப்பத்திரிகை பெரிதும் நம்பியிருந்தது. பதில் எழுதாதவர்களின் மனத்தை அது அறியவில்லை.

அந்நாட்டில் ஒரே கட்சியைச் சேர்ந்த பலருள் யாரை அபேட்சகராக நிறுத்துவது என்பதற்கு ஜனங்களே ஓட்டுப் போடும் பூர்வாங்கத் தேர்தல் ஒன்றும் உண்டு. அங்கே கணிப்பின் சங்கடம் இன்னும் அதிகம். போட்டியாளர் அனைவரும் ஒரே கொடியின் கீழ் நிற்பதால் ஓட்டர்கள் கடைசி நாளில் கூட மனம் மாறுகிறார்கள். எத்தனை பேர் ஓட்டுப் போட வருவார்கள் என்பதும் தெரியாது. 2016 மார்ச்சில் மிச்சிகன் ராஜ்யத்தில் ஹில்லாரி கிளிண்டன் ஏறக்குறைய 20 சதவிகிதம் முந்தியிருப்பதாகக் கணிப்புகள் கூறின. வென்றவரோ பெர்னி ஸாண்டர்ஸ்.

நமது நாட்டில் இத்தகைய பூர்வாங்கத் தேர்தல் இல்லை. அபேட்சகரைத் தலைமையே நியமிக்கிறது. அதற்குக் கட்சிகள் ரகசியமாகக் கணிப்பு நடத்துவதும் வழக்கமாகிவிட்டது. இதில்தான் பெரிய அபாயம் இருப்பதாக நாம் கருதுகிறோம். பொதுத் தேர்தல் கணிப்புப் பிழையானால் ஓட்டுப்பெட்டி அதைத் திருத்திவிடும். கட்சிக்குள் நடக்கும் கணிப்புப் பிழையானால் அதைத் திருத்துவார் யார்? ஜனங்களிடையே உழைத்த ஓர் ஊழியர், யாரும் காணாத ஒரு காகிதத்தின் பேரில், ஓட்டர் முகத்தில் விழிக்குமுன்பே ஒதுக்கப்படுகிறார். அப்பீல் இல்லாத தீர்ப்பு அது.

கணிப்பை அளவுக்கு மீறி நம்புவதால் பணமும் நஷ்டமாகிறது. 2024 ஜூன் 1-ந் தேதி மாலை வெளியான கணிப்புகளில் பல, தேசீய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேற்பட்ட ஸ்தானங்கள் கொடுத்தன. ஜூன் 3-ந் தேதி பம்பாய்ப் பங்கு மார்க்கெட்டின் சென்செக்ஸ் குறியெண் சுமார் 2,500 புள்ளிகள் ஏறிற்று. மறுநாள் கூட்டணிக்குக் கிடைத்தவை 293. அன்று குறியெண் ஏறத்தாழ 4,390 புள்ளிகள் சரிந்தது. கணிப்பை நம்பி ஜூன் 3-ந் தேதி பங்கு வாங்கிய சிறு சேமிப்புக்காரர்கள் ஒரே நாளில் நஷ்டமடைந்தார்கள்.

சட்டம் இவ்விஷயத்தில் முற்றிலும் கண்மூடியிருக்கவில்லை. 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஏ பிரிவு, ஓட்டுப் போட்டுவிட்டு வருவோரை விசாரித்துச் செய்யும் கணிப்பை, கடைசிக் கட்ட ஓட்டுப் பதிவு முடிந்து அரைமணி நேரம் ஆகும் வரையில் வெளியிடக் கூடாதென்று தடுக்கிறது. மீறினால் இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஆனால் இப்பிரிவு கணிப்பை வெளியிடும் நேரத்தைக் கட்டுப்படுத்துகிறதேயன்றி, அதன் யோக்கியதையைச் சோதிக்கவில்லை.

கணிப்புகளை அடியோடு தடை செய்ய வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. 2021-ம் வருஷச் சட்டசபைத் தேர்தலில் தி.மு.க. அணியே வெல்லும் என்று அவை சொன்னது சரியாகவே இருந்தது. ராஜ்யம் முழுவதிலும் காற்று எத்திசையில் பலமாக வீசுகிறது என்பதை அவை பல சமயங்களில் அறிகின்றன. காற்று மந்தமாக இருக்கையில், அதுவும் ஒரு தனித் தொகுதியில், அவை அறிவது சொற்பம். ஆகையால் கணிப்பை வெளியிடும் எந்தப் பத்திரிகையும் நான்கு விவரங்களைச் சேர்த்தே வெளியிட வேண்டும்: எத்தனை பேரை விசாரித்தார்கள், எந்தெந்தத் தேதிகளில், எம்முறையில் விசாரித்தார்கள், எவ்வளவு பிழைக்கு இடமுண்டு, செலவு செய்தவர் யார். இந்நான்கும் இல்லாத கணிப்புக்குப் பத்திரிகையில் இடமளிப்பது வாசகருக்குச் செய்யும் துரோகம். தனித் தொகுதியில் இன்னார் வெல்வார் என்று சில நூறு பேரை விசாரித்துவிட்டுச் சொல்வதை அறவே நிறுத்த வேண்டும்.

நமது ஜில்லாவின் ஓட்டர்கள் பெரிய பெயர்களைக் கண்டு மலைத்தவர்கள் அல்லர். 1967-ல் காங்கிரஸ் மகாசபையின் தலைவராக இருந்த காமராஜர், தமது சொந்த ஊரான விருதுநகரிலேயே, மாணவர் கிளர்ச்சியில் முன்னின்ற ஸ்ரீ சீனிவாசன் என்னும் இளைஞரிடம் 1,285 ஓட்டுகள் வித்தியாசத்தில் தோல்வியுற்றார். அத்தீர்ப்பைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். தீர்ப்புக் கூறும் அதிகாரம் ஓட்டரிடமே இருந்தது என்பதில் பேதமில்லை. 'நம் ஆள் ஜெயித்துவிட்டார்' என்றோ, 'நம் ஆள் தோற்றுவிட்டார்' என்றோ ஒரு கணிப்பைப் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர், அந்த அதிகாரத்தைத் தாமாகவே பிறருக்குத் தத்தம் செய்கிறார். 4,379 ஓட்டுகளில் தலைவிதி நிர்ணயமான ஒரு தொகுதியில், எவருடைய ஓட்டும் வீணானதன்று. வரும் தேர்தல்களில் திருத்தங்கல்வாசிகள் இதை மனத்தில் வைத்து ஓட்டுச்சாவடிக்குச் செல்வார்கள் என்று நம்புகிறோம்.