படகு மோட்டார் திணறுவது ஏன்?

குடகு மலையில் பிறந்த காவிரி தஞ்சைத் தரணியில் பல கிளைகளாகப் பிரிந்து, வயல்களுக்கெல்லாம் நீரை வழங்கிவிட்டு, எஞ்சியதைக் கடலுக்கு அனுப்பும் அந்தக் கடைசி எல்லையில், நெற்பயிரின் ராஜ்யம் முடிந்து அலையாத்திக் காட்டின் ராஜ்யம் தொடங்குகிறது. கோரையாறும் பாமணியாறும் வந்து கலக்கும் முத்துப்பேட்டை லகூனிலும், அதற்குத் தென்மேற்கே அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று நீளும் பாக் நீரிணையின் கரையிலும் மிதக்கும் நாட்டுப்படகுகளிலும் ஃபைபர் படகுகளிலும் சில நீண்ட தண்டு பூட்டிய டீசல் எஞ்சினால் ஓடுகின்றன. வேறு சில, பின்புறப் பலகையில் மாட்டித் தொங்கவிடும் அவுட்போர்டு மோட்டாரால் ஓடுகின்றன. இந்த இரண்டாவது வகை யந்திரம் சீராக ஓடாமல் விக்கித் திணறுவதைத்தான், மெக்கானிக்குகளின் பாஷையில் 'மிஸ்ஸிங்' என்று சொல்வதைத்தான், இங்கே ஆராய விரும்புகிறேன். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1974-இல் எல்லைக்கோடு வகுக்கப்பட்ட அந்தக் குறுகிய கடலில், மோட்டார் நின்றுபோன படகைக் காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளிச் செல்லும் என்பது ஒரு குடும்பத்தின் கதியையே நிர்ணயிக்கக்கூடிய விஷயமாகையால், கரையில் கேட்கும் சிறு திணறலையும் அலட்சியம் செய்வதற்கில்லை.

படகின் பின்னால் மாட்டும் மோட்டாரைப் பெரிய வியாபாரப் பொருளாக்கியவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட். 1909-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார் ஒன்றரைக் குதிரைத்திறனும் 62 பவுண்டு எடையும் கொண்டது. அன்று முதல் இன்றுவரை இதன் தேவைகள் மாறவில்லை: தக்க விகிதத்தில் கலந்த எரிபொருளும் காற்றும், தக்க கணத்தில் ஒரு தீப்பொறி, சிலிண்டருக்குள் போதிய அழுத்தம், உஷ்ணத்தைத் தணிக்க ஓயாத நீரோட்டம். நிமிஷத்துக்கு 5000 சுற்றுச் சுழலும் டூ ஸ்ட்ரோக் மோட்டாரில், ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 80-க்கும் மேற்பட்ட தடவை எரிபொருள் எரிய வேண்டும். அவற்றுள் சில எரியாமல் தவறும்போதுதான் நம் காதில் விக்கல் கேட்கிறது. ஆகவே யந்திரமே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி நட்டுகளைக் கழற்றத் தொடங்குவதற்கு முன்னால், அதற்குள் செல்லும் எரிபொருள், காற்று, நீர் ஆகிய மூன்றையும் சந்தேகிப்பதே தர்க்கத்துக்கு உகந்தது. ஏனென்றால் ஈரக்காற்றும் உப்பும் வண்டலும் கூடிய டெல்டாக் கரையில் இம்மூன்றும் சுத்தமாகக் கிடைப்பது அரிது.

எரிபொருளிலிருந்தே தொடங்குவோம். டாங்கியின் மூடியில் காற்றுப் புகுவதற்கென்று ஒரு திருகு உண்டு. அதைத் திறக்க மறந்தால், சில நிமிஷங்கள் அழகாக ஓடிய மோட்டார், டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாக உண்டாகத் தளர்ந்து நின்றுவிடும். திருகைத் தளர்த்தியதும் காற்று உள்ளே பாயும் சப்தமே காரணத்தைச் சொல்லிவிடும். அடுத்தது, டாங்கிக்கும் மோட்டாருக்கும் இடையிலுள்ள குழாயில் இருக்கும் ரப்பர் குமிழ். மோட்டார் திணறும் தருணத்தில் அதைக் கையால் அழுத்தியவுடன் ஓட்டம் சீரானால், எரிபொருள் போதிய அளவில் வந்து சேரவில்லை என்பது பிரத்தியட்சமாகிவிடுகிறது. குமிழ் தட்டையாகச் சுருங்கிக் கிடந்தால் அடைப்பு டாங்கியின் பக்கம். சுருங்காமலும் எவ்வளவு அழுத்தினாலும் இறுகாமலும் இருந்தால் குழாயின் ஏதோ ஒரு இணைப்பில் காற்று புகுகிறது. குமிழில் குறையே இல்லாதபோதும் அழுத்தினால்தான் ஓடுகிறது என்றால், மோட்டாரிலுள்ள எரிபொருள் பம்பின் மெல்லிய சவ்வு கிழிந்திருக்கக்கூடும். ஒரு பைசாச் செலவில்லாமல் இவ்வளவையும் பிரித்தறிய முடிகிறது என்பதனால், இந்தக் குமிழைவிடச் சிறந்த பரிசோதனைக் கருவி படகில் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

பெட்ரோலின் குணமே அண்மையில் மாறியிருப்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கி 2025-க்குள் தேசம் முழுவதும் பரவிய பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் நீரை விரும்பி ஏற்கும் திரவம். கடற்காற்றின் ஈரத்தையும், டாங்கியில் சிந்திய மழைத்துளியையும் ஓரளவுவரை தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறிய கணத்தில் எத்தனாலும் நீரும் கைகோத்துப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டாங்கியின் அடியில் தனிப்படலமாகத் தங்கிவிடும். எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாய் இருப்பதும் அதே அடிப்பகுதியில்தான். டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்காகப் பெட்ரோலில் நாம் கலக்கும் ஆயில் அந்த அடிப்படலத்தில் கரைவதில்லையாகையால், அதைக் குடிக்கும் மோட்டார் திணறுவதோடு மட்டுமன்றி, மசகு இல்லாமல் பிஸ்டனும் பேரிங்கும் உராய்ந்து தேயும். டாங்கியின் அடியிலிருந்து சிறிது எரிபொருளை ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து, அசைக்காமல் வைத்துப் பார்த்தால் இரண்டு படலங்களும் தனித்தனியே தெரியும். அப்படித் தெரிந்தால், நஷ்டத்தைப் பாராமல் அந்த எரிபொருளை முழுவதும் நீக்கிவிடுவதே உத்தமம். சுத்த பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். ஆகையால் பழைய பெட்ரோலுக்கென்று துளையிட்ட கார்புரேட்டர் ஜெட் வழியாகப் புதிய பெட்ரோல் செல்லும்போது, கலவையில் காற்று சற்றே மிகுந்து, மோட்டார் கூடுதல் உஷ்ணத்துடன் ஓட நேரிடுகிறது.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாரின் சுபாவம் வேறு. குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதால், பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகே அதற்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்னால் மறுபடியும் பெட்ரோலுக்குத் திரும்ப வேண்டும். இந்தக் கடைசி நியமத்தைக் கைவிட்டால், கார்புரேட்டரில் தேங்கிய மண்ணெண்ணெய் மறுநாள் விடியலில் பிளக்கை நனைத்துக் கரியாக்கிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயல் எச்சரிக்கைகளும் படகுகளைக் கரையேற்றிவிட்ட காலத்தில், கார்புரேட்டரில் எஞ்சிய பெட்ரோல் மெல்ல ஆவியாகிப் பிசின் போன்ற கசடு படிகிறது. தைமாதத்தில் மீண்டும் கிளப்பும்போது மோட்டார் வேகத்தில் நன்றாக ஓடி, வேகத்தைக் குறைத்தவுடன் விக்கி நிற்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. ஆற்றில் மண் சேர்ந்தால் முதலில் வறள்வது கடைமடை வாய்க்கால் என்பது தஞ்சை விவசாயிக்குத் தெரியும். கார்புரேட்டரிலும் அப்படித்தான், மெதுவான ஓட்டத்துக்கு எரிபொருள் தரும் மிகக் குறுகிய துவாரமே முதலில் அடைபடுகிறது. சோக்கைச் சிறிது இழுத்தவுடன் ஓட்டம் தெளிந்தால் ஐயம் ஏறக்குறைய உறுதியாகிவிடும். துவாரத்தைக் கம்பியால் குத்துவது தகாது; அதன் நுட்பமான அளவு கெட்டுவிட்டால் வேறு ஜெட் வாங்குவதைத் தவிர வழியில்லை. கார்புரேட்டர் கிளீனரும் அழுத்தக்காற்றும் போதும்.

தீப்பொறியின் விஷயத்தில் பிளக்கின் முகமே சாட்சி சொல்லும். இளம் பழுப்பு நிறம் ஆரோக்கியத்தைக் காட்டும். ஈரக் கருமை, எரிபொருள் மிகுதியையோ தீப்பொறி இன்மையையோ குறிக்கும். வெளிறிக் கொப்புளித்திருந்தால் அதிக உஷ்ணம். இரண்டு சிலிண்டர் மோட்டாரில் இரு பிளக்குகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டு, கோளாறும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்ப்பது பழைய, நம்பத்தக்க முறை: மாறினால் குற்றம் பிளக்கினுடையது; மாறாவிட்டால் காயிலையும் வயரையும் நோக்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு வகை உறுப்பை மட்டுமே மாற்ற வேண்டும். பிளக்கையும் காயிலையும் ஒருசேர மாற்றிவிட்டால் எது குணப்படுத்தியது என்று யாராலும் சொல்ல இயலாது. ஓடும் மோட்டாரின் பிளக் மூடியைக் கையால் பிடுங்குவது ஆபத்து. அங்கே பாய்வது பல்லாயிரம் வோல்ட்.

வீட்டு வாசலில் சோதிப்பவர், நல்ல நீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரின் அடிப்பாகம் முழுவதும் மூழ்கும்படி, விசிறியைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் ஓட்ட வேண்டும். நீரின்றி ஓட்டினால் உள்ளேயிருக்கும் ரப்பர் இம்பெல்லர் மிகச் சொற்ப நேரத்தில் கருகும். டிரம்மில் நெடுநேரம் ஓட்டும்போது, வெளியேறும் புகை மோட்டாரைச் சுற்றியே தேங்கி, அதையே மோட்டார் மீண்டும் சுவாசித்துத் திணறுவதும் உண்டு. அதைக் கோளாறென்று கொள்ளலாகாது. பாரம் இல்லாத டிரம்மில் சீராக ஓடும் மோட்டார் படகை இழுக்கும்போது திணறவும் கூடும்.

மோட்டாரைக் குளிர்வித்த நீர் வெளியே பீச்சும் சிறு தாரை மெலிந்திருந்தால், முத்துப்பேட்டைப் பக்கம் வண்டல் சேற்றையும், மல்லிப்பட்டினம் பக்கம் கடற்புல்லையும் சந்தேகிக்கலாம். தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக்களின் காப்பகமாக 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்ததற்கு ஆதாரமே அந்தக் கடற்புல் மேய்ச்சல் வெளிதான். அலையில் அறுந்து மிதக்கும் அதன் இலைகள் நீர் உறிஞ்சும் சல்லடையை மூடிவிடுகின்றன.

இவ்வளவுக்கும் பின் திணறல் நீங்காவிட்டால் அழுத்தமானி வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு சிலிண்டர்களின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பேதம் இருந்தால், அதன்பின் வேலை மெக்கானிக்குடையது.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது நேர்ந்ததுபோல், படகோடு உப்புநீரில் மூழ்கிய மோட்டாரின் கதை தனி. அதை வெளியில் எடுத்து வெயிலில் உலர வைப்பதுதான் அதற்கு இழைக்கும் பெரிய கேடு. காற்றுப் பட்ட சில மணி நேரத்திலேயே பேரிங்குகளில் துரு பிடிக்கிறது. உடனே கவனிக்க இயலாவிட்டால் நல்ல நீரிலேயே மூழ்கவைத்திருந்து, கவனிக்கும்போது பிளக்குகளைக் கழற்றி நீரை வடித்து, ஆயில் விட்டுச் சுற்றி, அன்றைக்கே ஓட்டிச் சூடாக்கிவிட வேண்டும். இப்படி உயிர்பெற்ற மோட்டார் பல வாரங்கள் கழித்து மீண்டும் மிஸ்ஸிங் காட்டுமானால், கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன், எர்த் வயர் பொருந்தும் இடத்தில் செம்பின் மேல் பச்சையாகப் பூத்த உப்பைச் சுரண்டி எடுத்துப் பார்க்கலாம்.