தோளில் ஏறும் படகு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து வட எல்லையில், கனடாவை ஒட்டிச் சுமார் 150 மைல் நீளத்திற்குப் பரந்து கிடக்கும் 'பவுண்டரி வாட்டர்ஸ்' என்னும் வனப்பிரதேசத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள் உண்டென்று சொன்னால், விசைப்படகுகளும் கரையோரச் சிற்றுண்டிச் சாலைகளும் நிறைந்த ஓர் உல்லாச ஸ்தலமே நம்மவர் மனத்தில் தோன்றக்கூடும். ஆனால் ஏறக்குறைய 11 லட்சம் ஏக்கர் விஸ்தீரணமுள்ள அந்தக் காட்டின் உட்புறத்தில் சாலையும் கடையும் விடுதியும் கிடையா. இருமுனையும் கூர்த்து மேல்மூடியின்றி இருக்கும் 'கனூ' என்னும் சிறு படகில் துடுப்புப் போட்டுச் செல்வதும், ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும் வரையில், அதுகாறும் நம்மைச் சுமந்து வந்த படகை நாம் சுமந்து நடப்பதுமே அங்கே பிரயாணம்.

இப்படிச் சுமந்து கடக்கும் வழிக்குப் 'போர்ட்டேஜ்' என்று பெயர். ஆதிகாலத்துப் பனிப்பாறைகள் மிகப் புராதனமான அந்தக் கற்றளத்தைச் சுரண்டிக் குழித்துவிட்டுப் போன பள்ளங்களில் நீர் நிறைந்தே இந்த ஏரிகள் உண்டாயின. ஆதலால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே பாறை மேடோ, படகு இறங்க முடியாத அருவியோ குறுக்கிடுவது சகஜம். இதை நன்குணர்ந்த ஒஜிப்வே மக்கள், பூர்ச்ச மரத்துப் பட்டையைச் சீடர் மரச் சட்டங்களின்மேல் போர்த்தி, ஸ்புரூஸ் மரத்து வேரால் தைத்து, பிசினால் இணைப்புகளை அடைத்துச் செய்த படகு, தோளில் தூக்கும்படி இலேசானது. பாறையில் மோதிக் கிழிந்தாலும், செப்பனிட வேண்டிய சாமான் அனைத்தும் கரையில் நிற்கும் மரங்களிலேயே கிடைக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் பீவர் தோல் வாணிபத்திற்காக மான்ட்ரியாலிலிருந்து வந்த பிரெஞ்சுக் கனேடியப் படகோட்டிகள் அந்தப் படகையே கைக்கொண்டார்கள். 90 பவுண்டு மூட்டைகளை ஆளுக்கு இரண்டாக முதுகிலேற்றி, பாரத்தை நெற்றிப் பட்டையால் தாங்கி, 'கிராண்ட் போர்ட்டேஜ்' என்ற எட்டரை மைல் வழியை அவர்கள் நடந்தே கடந்தார்கள். 1842-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் எல்லையை வகுத்துக்கொண்ட உடன்படிக்கையில், இந்தச் சுமைவழிகள் இரு தேசத்தாருக்கும் தடையின்றித் திறந்திருக்க வேண்டுமென்று ஒரு ஷரத்து இருக்கிறது. ராஜதந்திரிகளுக்கும் அவற்றின் அருமை தெரிந்திருந்தது போலும்.

இன்று அவ்வழிகளில் நடப்பவர்கள் கோடை விடுமுறைக்காரர்கள். வரைபடத்தில் வழியின் நீளம் 'ராட்' என்ற பழைய அளவையிலேயே குறிக்கப்படுகிறது. ஒரு ராட் பதினாறரை அடி, கிட்டத்தட்ட ஒரு கனூவின் நீளம். 320 ராட் சேர்ந்தால் ஒரு மைல். படகைக் கவிழ்த்து, அதன் நடுவே குறுக்காக அமைந்த நுகத்தைத் தோள்களில் பொருத்திக்கொண்டு ஒருவரே சுமந்து போவார். முன்னால் சில அடி தூரத்துக்கு மேல் அவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் கிரம்மன் என்ற விமானக் கம்பெனியார் செய்து விற்ற அலுமினியப் படகு 70 பவுண்டை ஒட்டிய கனம். இக்காலத்துக் கெவ்லர் இழைப் படகோ 40 பவுண்டுக்குச் சற்று மேல். அறுபது வயதைக் கடந்த எத்தனையோ பேரை இன்னும் சில வருஷங்கள் காட்டில் நடமாட வைத்திருப்பது வைத்திய சாஸ்திரத்தைக் காட்டிலும் இந்த வித்தியாசந்தான் என்பது என் அபிப்பிராயம். எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுசேர்க்க முடியாதவர்கள் திரும்பி வந்து மறுநடை எடுக்க வேண்டும். அப்போது ஒரு மைல் வழி மூன்று மைல் நடையாகிவிடும். வீட்டில் அத்தியாவசியமென்று தோன்றிய மடக்கு நாற்காலியும் இரும்பு வாணலியும் இரண்டாவது போர்ட்டேஜிலேயே வீண் சுமையாகிப் போவது இந்தக் கணக்கினால்தான்.

வருஷந்தோறும் இந்த ஏரிகளுக்குத் திரும்பி வரும் குடும்பங்களில், காலம் நகர்வதைப் படகில் யார் எங்கே உட்காருகிறார் என்பதைக் கொண்டே சொல்லிவிடலாம். நாலைந்து வயதுக் குழந்தை மூட்டையோடு மூட்டையாக நடுவில் அமர்ந்து தண்ணீரை அளைந்துகொண்டு வரும். சற்று வளர்ந்ததும் முன்பலகைக்கு வந்து, துடுப்பு வேகத்தை நிர்ணயிக்கவும், நீருக்கடியில் பாறை தென்பட்டால் குரல் கொடுக்கவும் கற்றுக்கொள்ளும். திசையை ஆளுகிற பின்பலகை தகப்பனாருக்கு உரியது. ஒரே பக்கமாகத் துடுப்பிட்டாலும் படகு வளைந்தோடாதபடி, ஒவ்வோர் இழுப்பின் முடிவிலும் துடுப்பைச் சற்றே திருப்பி வெளிப்புறமாகத் தள்ளும் வித்தை கைவந்தவர்க்கே அது கிடைக்கும். அந்த இடத்தைப் பிள்ளை வாய்விட்டுக் கேட்பதா, தகப்பன் தாமாகவே கொடுப்பதா என்பது பல வீடுகளில் ஒரு சிறு ராஜ்ய விவகாரம். பின்னொரு காலத்தில் அவரே முன்பலகைக்கும், அப்புறம் மூட்டைகளுக்கு நடுவிலும் வந்து சேருகிறார். சிநேகிதர் கூட்டத்தில் இந்த வாரிசுக் கிரமம் கிடையாது. ஒரு நாள் முழுவதும் மழையில் ஒரே தார்ப்பாயின் கீழ் அடைபட்டிருக்க நேர்ந்தால், அடுத்த வருஷம் யாரை அழைப்பது, யாரை மறந்துவிடுவது என்பது தானாகவே தீர்மானமாகிவிடும்.

இரவு தங்குவதற்கென்று குறிக்கப்பட்ட இடங்கள் சுமார் 2,000. அடுப்புக்கு ஓர் இரும்புக் கம்பித் தட்டும், மரங்களுக்குள் சுவரும் கூரையும் இல்லாத ஒரு மலக்குழிப் பெட்டியும் தவிர அரசாங்கத்தார் அளிக்கும் வசதி வேறில்லை. தகர டப்பாக்களில் அடைத்த உணவையும் கண்ணாடிப் புட்டிகளையும் கொண்டுபோகலாகாது. கருங்கரடி மோப்பம் பிடித்து வருமாதலால், உணவு மூட்டையைக் கயிற்றில் உயரத் தொங்கவிடவோ, கரடியால் திறக்க முடியாத கலத்தில் வைக்கவோ வேண்டும். ஜூனில் கொசுக்களின் உபத்திரவம் சொல்லி முடியாது. அது தணியும் ஆகஸ்டுக் கடைசியையே அனுபவசாலிகள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்த அசௌகரியமெல்லாம் வேண்டுமென்றே காப்பாற்றப்பட்டது. யுத்தத்திற்குப் பின் மிதவை விமானங்கள் உள் ஏரிகளில் இறங்கி, மீன்பிடிப்பவர்களை அந்நாளில் அங்கிருந்த விடுதிகளின் வாசலிலேயே விடலாயின. ஈலி என்ற சிற்றூரில் வாழ்ந்த, கனூ வழிகாட்டியும் எழுத்தாளருமான சிகர்ட் ஓல்சன் முதலியோரின் பிரயத்தனத்தால், அந்த வனத்தின்மேல் கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்குக் கீழே விமானம் பறக்கலாகாதென்று 1949-இல் ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவிட்டார். 1978-ஆம் வருஷத்துச் சட்டம் பெரும்பாலான ஏரிகளில் மோட்டாரையும் தடுத்தது. நைஃப் ஏரித் தீவில் வசித்த டாரதி மால்ட்டர் என்ற நர்ஸ் அம்மாளுக்கு, விமானம் நின்றதும் சோடா வருவதும் நின்றுபோயிற்று. அவர் 'ரூட் பியர்' என்ற மதுவல்லாத இனிப்புப் பானத்தைத் தாமே தயாரித்து, குளிர்காலத்தில் ஏரியில் வெட்டிச் சேமித்த பனிக்கட்டியில் குளிரவைத்து வழிப்போக்கர்களுக்குக் கொடுத்துவந்தார். 1986-இல் அவர் காலமாகும் வரையில் அந்தத் தீவுக்குப் படகைத் திருப்பாத கனூப் பிரயாணிகள் சொற்பம்.

மே முதல் செப்டம்பர் வரையில் ஒவ்வொரு நுழைதுறையிலும் ஒரு நாளைக்கு இத்தனை குழுக்கள் என்று வரையறை உண்டாதலால், ஏரிகள் உறைந்து கிடக்கும் ஜனவரியிலேயே அனுமதிச் சீட்டுக்கான போட்டி ஆரம்பமாகிவிடுகிறது. ஒரு குழுவில் ஒன்பது பேரும் நான்கு படகுகளும் உச்ச வரம்பு. மருமக்களும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து குடும்பம் ஒன்பதைத் தாண்டிவிட்டால், தனித்தனிச் சீட்டு வாங்கி, தனித்தனி இடங்களில் தங்க வேண்டியதுதான். நீரிலோ போர்ட்டேஜிலோ கூடாரத்திலோ எல்லோரும் ஒன்றுசேர்ந்து நிற்கவும் சட்டம் இடம் தராது. ஆகவே பெரிய குடும்பத்தார் இரண்டு துறைகளில் புறப்பட்டு, பிரயாணம் முடிந்தபின் ஈலியிலுள்ள ஏதாவதோர் உணவு விடுதியில் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, எந்தக் கூட்டம் அதிக ராட் சுமந்தது என்று வாதாடிக்கொள்கிறார்கள்.